காயலான் கடைக்கும் மியூசியத்துக்கும் நடுவே

அமெரிக்காவில் 'யார்ட் சேல்' என்று ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் வேண்டாத சாமான்களை எல்லாம் சனிக்கிழமை காலையில் வாசலில் ஒரு மேசை போட்டுப் பரப்பி, ஆளுக்கொரு விலைச்சீட்டு ஒட்டி விற்பார்கள். பழைய ரேடியோ, குழந்தை விளையாடி முடித்த சைக்கிள், ஒரு காது உடைந்த பீங்கான் நாய் என்று எது வேண்டுமானாலும் இருக்கும். அக்கம்பக்கத்துக்காரர்கள் காரில் சுற்றி வந்து பேரம் பேசி அள்ளிப் போவார்கள். 1987ல் டென்னசி மாநிலத்தின் ஜேம்ஸ்டவுனில் தொடங்கிய ஒரு சாலையோர விற்பனை, இன்று மிச்சிகன் முதல் அலபாமா வரை 690 மைல் நீளத்துக்கு ஆகஸ்டு மாதந்தோறும் நடக்கிறது. உலகின் மிக நீளமான யார்ட் சேல் அதுதான் என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

இதையே உசிலம்பட்டியில் ஒருவர் செய்வதாக வைத்துக்கொள்வோம். வாசலில் கட்டிலைப் போட்டு, பழைய மிக்ஸியையும் குத்துவிளக்கையும் பரப்பி வைத்தால் தெருவில் முதலில் வரும் கேள்வி "என்ன விலை?" என்பதாக இருக்காது. "என்னப்பா, கடன் கிடன் ஆகிப்போச்சா?" என்பதாகத்தான் இருக்கும்! நம் பக்கத்தில் வீட்டுச் சாமானை வாசலில் வைத்து விற்பது நொடித்துப் போனதன் அடையாளம். அதனால் பழையது சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும், இல்லை பரணில் ஏறும். இரண்டும் இல்லை என்றால் காயலான் கடைதான்.

'காயலான் கடை' என்ற பெயர், காயல்பட்டினத்து வணிகர்கள் பழைய இரும்பு வியாபாரத்தில் இருந்ததால் வந்தது என்று சொல்வார்கள். 'பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்' என்ற தெருக்குரல் ஒரு காலத்தில் தமிழ்நாடு முழுக்கக் கேட்டது. சைக்கிள் கேரியரில் கூடையும் கையில் தராசுமாக வருவார்கள். புடவைக்குப் பாத்திரம், தலைமுடிக்குப் பாத்திரம் என்றும் கூவிக்கொண்டு போவார்கள். பண்டமாற்று என்பது பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்தோடு முடிந்துபோன சமாச்சாரம் இல்லை.

இந்த வியாபாரத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இங்கே பொருளுக்கு விலை கிடையாது, எடைக்குத்தான் விலை. பாட்டி கல்யாணத்துக்கு வந்த சீர்ப் பாத்திரம், அடியில் பெயர் வெட்டிய பித்தளைக் குடம், நாலு தலைமுறை தண்ணீர் சுமந்தது. அதுவும், வளைந்து போன பித்தளைக் குழாயும் ஒரே தட்டில் ஏறும். கிலோ இவ்வளவு, அவ்வளவுதான். புத்தகமும் அப்படியே. 1930ல் அச்சான நாடகப் புத்தகமும் போன வருஷத்து கைடும் ஒரே கட்டில் கட்டப்பட்டுப் போகும்.

ஒரு பழைய பொருள் தராசில் ஏறாமல் தப்ப வேண்டும் என்றால், அதை எடை போடாமல் கண்ணால் பார்த்து விலை சொல்லும் ஓர் இடம் வேண்டும். அதுதான் பழம்பொருள் சந்தை. காயலான் கடைக்கும் மியூசியத்துக்கும் நடுவில் இருக்கும் படி அது. அந்தப் படி இல்லாத ஊரில், பரணிலிருந்து இறங்கிய பொருள் நேராக உலைக்குத்தான் போகும்.

இப்படிப்பட்ட சந்தை எப்படி உருவாகிறது? பாரிஸ் கதை சுவாரசியமானது. 1880களில் அங்கே நிர்வாகியாக இருந்த யூஜீன் பூபெல் என்பவர், வீட்டுக்கு வீடு மூடியுள்ள குப்பைத் தொட்டி வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். (பிரெஞ்சு மொழியில் குப்பைத் தொட்டிக்கு இன்றும் அவர் பெயர்தான். பாவம்!) இரவில் தெருக்குப்பையைக் கிளறி உருப்படியானதைப் பொறுக்கி விற்றவர்களுக்கு இதனால் பிழைப்பு குறுகியது. நகரத்துக்குள் கெடுபிடியும் கூடிப்போகவே, அவர்களில் பலர் மதில் எல்லைக்கு வெளியே, செயின்ட் ஊவாங் போன்ற இடங்களில் கடை பரப்பினார்கள். அங்கே விற்ற பழைய மெத்தையிலும் துணியிலும் தெள்ளுப்பூச்சி இருக்கும் என்று கேலியாக வைத்த பெயர்தான் 'தெள்ளுப்பூச்சிச் சந்தை'. இன்று அது உலகமெங்கும் இருந்து பழம்பொருள் வாங்குபவர்கள் வந்து குவியும் இடம். மும்பையின் சோர் பஜாருக்கும் இதுபோலப் பெயர்க்கதை உண்டு. 'ஷோர்', அதாவது இரைச்சல் பஜார் என்பதுதான் வாய் மாறி 'சோர்', திருட்டுப் பஜார் ஆகிவிட்டது என்பார்கள்.

தமிழ்நாட்டில் இந்தப் படியாக நெடுங்காலம் இருந்தது சென்னை மூர் மார்க்கெட். பிராட்வேயில் இருந்த பழைய பாப்ஹாம் மார்க்கெட் நெரிசலிலும் அசுத்தத்திலும் திணறியதால், புதிய சந்தை ஒன்றைக் கட்ட நகராட்சி முடிவு செய்தது. 1898ல் மாநகராட்சித் தலைவர் சர் ஜார்ஜ் மூர் அடிக்கல் நாட்டினார். ஆர்.இ. எல்லிஸ் வடிவமைக்க, ஏ. சுப்பிரமணிய ஐயர் கட்டினார். 1900ல் திறந்தார்கள். சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி, சிவப்புச் செங்கல்லில், வளைவுகளும் நடுமுற்றமுமாக நின்ற இந்தோ சாரசெனிக் கட்டடம் அது.

ஆரம்பத்தில் அது காய்கறி, இறைச்சி எல்லாம் விற்கும் சாதாரண மார்க்கெட்தான். போகப் போகப் பழைய புத்தகம், கிராமபோன் இசைத்தட்டு, கடிகாரம், பீங்கான், மேசை நாற்காலி, நாணயம், வளர்ப்புப் பிராணி என்று அது வேறு முகம் எடுத்தது. ரயிலில் வந்து இறங்குபவர்களுக்கு எட்டி நடக்கும் தூரம். பாடப்புத்தகம் வாங்கக் காசில்லாத மாணவர்கள், எழுத்தாளர்கள், இசைத்தட்டுப் பைத்தியங்கள் எல்லோரும் அங்கே சுற்றினார்கள். மதுரைப் பக்கத்திலிருந்து முதல்முறை சென்னை போய் வந்தவர்களும் எல்.ஐ.சி. கட்டடம், மெரினாவோடு மூர் மார்க்கெட்டையும் சேர்த்துச் சொன்ன காலம் உண்டு.

அங்கே விலை எப்படித் தீர்மானமானது? இங்கேதான் வணிகவியல் மாணவர்களுக்கு வேலை இருக்கிறது. 1970ல் ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். விற்பவருக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லா வண்டிக்கும் சராசரி விலைதான் தருவார். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்குக் கட்டுப்படியாகாமல் விலகிக்கொள்வார். கடைசியில் சந்தையில் ஓட்டை வண்டிகளே மிஞ்சும். மூன்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய அந்தக் கட்டுரைக்காக அவருக்கு 2001ல் (வேறு இருவருடன் பகிர்ந்து) நோபல் பரிசு கிடைத்தது.

அகெர்லாஃப் சொன்னபடி பார்த்தால் மூர் மார்க்கெட் பத்து வருஷத்தில் படுத்திருக்க வேண்டும். ஏன் படுக்கவில்லை? ஒரு காரணம், இங்கே அறியாமை இரண்டு பக்கமும் இருந்தது. கடிகாரத்தின் உள்ளே எது பழுது என்பது கடைக்காரருக்குத் தெரியும். ஆனால் மூட்டையில் வந்த ஒரு புத்தகம் முதல் பதிப்பு என்பது சில சமயம் வாங்குபவருக்கு மட்டும் தெரியும். இரண்டு பேரும் முகத்தில் எதையும் காட்டாமல் பேசுவதுதான் பேரம்! இன்னொரு காரணம், கடை அதே இடத்தில் இருந்தது. இன்று ஏமாற்றினால் அடுத்த வாரம் ஆள் திரும்பி வந்து நிற்பான். நல்ல வாடிக்கை என்றால் 'உங்களுக்கென்று எடுத்து வைத்தேன்' என்று உள்ளேயிருந்து ஒரு புத்தகம் வெளியே வரும். கியாரண்டி கார்டு இல்லாத வியாபாரத்தில் இடமும் முகமும்தான் கியாரண்டி.

சட்டமும் கிட்டத்தட்ட இதே பக்கம்தான் நிற்கிறது. 1930ம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16வது பிரிவில் இருப்பது 'வாங்குபவரே, உஷார்' என்ற தத்துவம். சில விதிவிலக்குகள் தவிர, பொருளின் தரத்துக்கு விற்பவர் பொறுப்பில்லை. 27வது பிரிவு இன்னும் முக்கியம். தனக்கு இல்லாத உரிமையை ஒருவர் அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது. சந்தையில் காசு கொடுத்து வாங்கியிருந்தாலும், அது திருட்டுப் பொருள் என்றால் உண்மையான சொந்தக்காரர் வந்து கேட்கலாம். இங்கிலாந்தில் திறந்த சந்தையில் நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கே பொருள் சொந்தம் என்று ஒரு பழைய விதி இருந்தது. அதையும் 1994ல் சட்டம் போட்டு நீக்கிவிட்டார்கள்.

மூர் மார்க்கெட்டுக்கு முடிவு 1985ல் வந்தது. அந்த வருஷம் மே 30ம் தேதி தீப்பிடித்துக் கட்டடம் நாசமானது. காகிதமும் மரமும் நிறைந்த இடம், கேட்கவா வேண்டும்? அந்த இடம் ரயில்வேக்குப் போனது. அங்கே புறநகர் ரயில்களுக்கான நிலையம் எழுந்தது. கடைக்காரர்களுக்குப் பக்கத்திலேயே அல்லிக்குளம் இருந்த இடத்தில் வளாகம் கட்டிக் கொடுத்தார்கள். பழைய புத்தகக் கடைகள் அங்கே தொடர்ந்தன. ஆனால் போகிற வழியில் நுழைந்து, எதுவும் வாங்கும் எண்ணமில்லாமல் சுற்றி, கடைசியில் எதையோ வாங்கிக்கொண்டு வெளியே வரும் அந்தக் கூட்டம் பழைய அளவுக்குக் கூடவில்லை. கடையை மாற்றிவிடலாம், வழக்கத்தை மாற்றுவது கஷ்டம். இன்று அந்தப் பெயர் 'மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்' என்று ரயில் நிலையத்தில் இருக்கிறது. புறநகர் ரயிலில் தினமும் போய் வருபவர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு சந்தையின் பெயர் என்று தெரியும்?

இழப்பு என்ன என்று கேட்பவர்களுக்கு ரோஜா முத்தையா கதை பதில் சொல்லும். காரைக்குடி பக்கத்திலுள்ள கோட்டையூர்க்காரர். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பெரிய பணக்காரரோ பேராசிரியரோ இல்லை. பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாண அழைப்பிதழ் என்று, மற்றவர்கள் எடைக்குப் போட்டவற்றை ஆயுள் முழுக்கத் தேடித் தேடிச் சேர்த்தார். 1992ல் அவர் மறைந்தபோது சுமார் 1,00,000 உருப்படிகள் சேர்ந்திருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அதை விலைக்கு வாங்கியது. ஆனால் கடல் கடத்திக்கொண்டு போகாமல், 1994ல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக அமைத்தது. தமிழ் அச்சு வரலாற்றைப் பற்றி எழுத வேண்டும் என்றால் இன்று அங்கே போகாமல் முடியாது. கிலோ கணக்கில் போயிருக்க வேண்டிய காகிதம் அது!

அதே காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் சம்பாதித்துக் கட்டிய வீடுகள், 1942ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்த பிறகு ஆட்டம் கண்டன. குடும்பங்கள் பிரிந்தன, பராமரிக்க ஆளில்லை, வீடுகள் பிரிக்கப்பட்டன. தேக்குத் தூண், கதவு, எனாமல் பாத்திரம், கண்ணாடிப் படம் எல்லாம் கடைக்கு வந்தன. ஒரு வீடு இடிவது சோகம்தான். ஆனால் அந்தக் கடைகள் இல்லாவிட்டால் தூண்கள் விறகாகியிருக்கும். இப்படிப் பிரித்த ஒரு செட்டிநாட்டு வீட்டையே கொண்டுவந்து முட்டுக்காடு தட்சிணசித்ராவில் மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். விற்பதிலும் வாங்குவதிலும் ஓர் எல்லை உண்டு. 1972ம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி 100 வருஷம் தாண்டிய சிலை, கலைப்பொருள், 75 வருஷம் தாண்டிய அரிய கையெழுத்துப் பிரதி ஆகியவற்றைத் தனியார் நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது.

உசிலம்பட்டிக்காரர்களுக்குச் சென்னையும் காரைக்குடியும் தூரம். சுமார் 40 கிலோமீட்டரில் மதுரை இருக்கிறது. அங்கே சிம்மக்கல் பக்கம் திலகர் திடலில் பல வருஷமாக ஞாயிற்றுக்கிழமைச் சந்தை கூடிவந்திருக்கிறது. ஸ்பேனர், மோட்டார், பழைய ரேடியோ, வாட்ச், நாற்காலி, நாணயம் எல்லாம் தரையில் தார்ப்பாய் விரித்து வரும். இங்கே வாங்குபவர்களில் பெரும்பாலோர் விநோதப் பொருள் சேர்ப்பவர்கள் இல்லை. பட்டறை வைத்திருப்பவர், எலக்ட்ரீசியன், தையல் மெஷின் பார்ப்பவர். புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாத கருவி இங்கே கிடைத்தால்தான் ஒருவர் தொழில் தொடங்க முடியும். பழம்பொருள் சந்தை ரசனைக்காரர்களின் பொழுதுபோக்கு மட்டும் இல்லை, சின்னத் தொழிலுக்கு முதலீட்டுச் சந்தை.

அரசுக்கும் இது தெரியாமல் இல்லை. ஜி.எஸ்.டி. 2017 ஜூலை 1ல் வந்தபோது, பழைய பொருள் விற்கும் பதிவுபெற்ற வியாபாரி, உள்வரி வரவு எடுக்கவில்லை என்றால், முழு விலைக்கு இல்லாமல் தன் லாப வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டினால் போதும் என்று விதி வைத்தார்கள். ஒரே பொருளுக்குத் திரும்பத் திரும்ப முழு வரி போட்டால் அது சந்தைக்கே வராது என்பது கணக்கு.

இப்போது போனில் படம் எடுத்துப் போட்டால் பழைய சோபா விற்றுவிடுகிறது. வாசலில் பரப்பும் வெட்கமும் மிச்சம். நல்லதுதான். ஆனால் அங்கே நாம் தேடுவது மட்டும்தான் கண்ணில் படும். தேடாத ஒன்று காலில் இடறுவது தார்ப்பாய்ச் சந்தையில் மட்டுமே நடக்கும். மேலும், போனில் போட வேண்டும் என்றால் அது விலைபோகும் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். பெயர் வெட்டிய குடத்துக்கும் பழைய நாடகப் புத்தகத்துக்கும் யார் படம் எடுப்பார்கள்? அதைப் பார்த்தவுடன் தனியே எடுத்து வைக்கும் கண், தினமும் ஆயிரம் பழையதைப் புரட்டும் ஒரு கடைக்காரருக்குத்தான் வரும்.

ஓர் ஊரில் பழைய சந்தையை அப்புறப்படுத்தும்போது போக்குவரத்து சீராகும், இடம் சுத்தமாகும் என்ற கணக்கு எல்லாம் போடுகிறார்கள். அந்தக் கண்ணை மட்டும் எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை. அது போன பிறகு தராசு ஒன்றுதான் மிஞ்சும். தராசுக்கு எல்லாமே கிலோதான்.