செஞ்சிக்கோட்டையும் மெட்டல் டிடெக்டரும்: தோண்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க (நீண்ட இழை)

1/ செஞ்சிக்கோட்டை பத்தி எப்ப எழுதினாலும் ஒரு கேள்வி வந்துடும். "டாக்டர், அங்க புதையல் இருக்காமே, மெட்டல் டிடெக்டர் கொண்டு போனா கிடைக்குமா?" பாதி விளையாட்டு, பாதி நிஜம். இன்னைக்கு அந்தக் கருவி ஆன்லைன்ல சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்குது. அதனால விளையாட்டா விட முடியல. பதில் கொஞ்சம் நீளம். பொறுமையா வாங்க.

2/ ஆசை புதுசு இல்ல. செஞ்சியோட கதையே புதையல்லதான் ஆரம்பிக்குது. சுமார் 1190-ல் ஆனந்தக் கோன் என்ற ஆயர் தலைவருக்கு மலையில் புதையல் கிடைச்சது. அதை வெச்சு ஆள் திரட்டிச் சின்னதா ஒரு கோட்டை கட்டி, மலைக்கு ஆனந்தகிரின்னு பேர் வெச்சார். இன்றைய ராஜகிரி அதுதான். இது மரபுவழியா வந்த செய்தி. சி.எஸ். சீனிவாசாச்சாரி 1943-ல் வெளியிட்ட செஞ்சி வரலாற்று நூல் இந்த மரபுச் செய்திகளைப் பேசுது.

3/ அப்புறம் விஜயநகரம், நாயக்கர்கள், 1649-ல் பீஜப்பூர், 1677-ல் சிவாஜி, 1698-ல் முகலாயர், 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர். இத்தனை பேர் வந்து போன இடத்துல எதையாவது விட்டுட்டுப் போயிருக்க மாட்டாங்களான்னு கேட்கத் தோணும். தோணுறது இயல்பு. ஆனா அந்தக் கருவி எங்கே பிறந்ததுன்னு தெரிஞ்சா கேள்வியே மாறிடும்.

4/ மெட்டல் டிடெக்டரோட ஆரம்ப வரலாறு புதையல் வேட்டை இல்ல, மருத்துவம். 1881 ஜூலை 2. அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டை வாஷிங்டன் ரயில் நிலையத்துல சுட்டுட்டாங்க. ஒரு குண்டு முதுகு வழியா உள்ளே போய் நின்னுடுச்சு. எக்ஸ்ரே இன்னும் வரல. ரோன்ட்கன் அதைக் கண்டுபிடிச்சது 1895-ல். குண்டு எங்கே? டாக்டர்கள் காயத்துக்குள்ள விரலை விட்டும் கருவியை விட்டும் தேடினாங்க. கை கழுவாமல்!

5/ அப்போ வந்தவர் டெலிபோன் புகழ் அலெக்சாண்டர் கிரஹாம் பெல். கம்பிச்சுருளில் மின்சாரம் ஏறி இறங்கும்போது சுற்றிலும் காந்தப்புலம் உண்டாகும். பக்கத்துல உலோகம் இருந்தா அந்தப் புலம் கலையும். கலைஞ்சா டெலிபோன் ரிசீவர்ல சத்தம் கேட்கும். உள்நாட்டுப் போரில் குண்டடிபட்டு, குண்டு உடம்புலயே தங்கிப்போன பழைய சிப்பாய்கள் மேல வெச்சுப் பார்த்தார். கருவி வேலை செஞ்சது.

6/ அதிபர்கிட்ட மட்டும் தோத்துது. படுக்கைக்கு அடியில எஃகு ஸ்பிரிங். தலைமை டாக்டர் பிளிஸ் குண்டு வலப்பக்கம்தான்னு முடிவு பண்ணி, அந்தப் பக்கம் மட்டும் பார்க்கவிட்டார். 79 நாள் கழிச்சு, செப்டம்பர் 19-ல் கார்ஃபீல்ட் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் குண்டு இடப்பக்கம், கணையத்துக்குப் பின்னால, திசுவால மூடப்பட்டு அமைதியா இருந்தது.

7/ மருத்துவ வரலாற்றைப் படிச்சவங்க இன்னைக்குப் பெரும்பாலும் சொல்றது இதுதான்: அவரைக் கொன்னது குண்டு இல்ல, அதைத் தேடித் தோண்டினதுல வந்த சீழும் தொற்றும். லிஸ்டர் கிருமிநீக்க முறையை 1867-லயே வெளியிட்டுட்டார். சும்மா விட்டிருந்தா பிழைச்சிருக்க வாய்ப்பு அதிகம். குண்டைத் தேடினாங்க, மனுஷனைத் தொலைச்சாங்க. இந்த வரியை மனசுல வெச்சுக்கிட்டு மேல படிங்க.

8/ அதுக்கப்புறம் கருவி வேற கைக்குப் போச்சு. 1930-களில் கலிஃபோர்னியாவில் கெர்ஹார்ட் ஃபிஷர் 'மெட்டலாஸ்கோப்' செஞ்சார். இரண்டாம் உலகப்போரில் போலந்து அதிகாரி யூசெஃப் கொசாட்ஸ்கி கண்ணிவெடி கண்டுபிடிக்கும் கருவியை வடிவமைச்சுப் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு இலவசமா கொடுத்தார். 1942-ல் எல் அலமெய்ன் போரில் அது களமிறங்குச்சு. எடை கிட்டத்தட்ட 14 கிலோ.

9/ போர் முடிஞ்சதும் ராணுவத்துல மிஞ்சின கருவிகள் மலிவா விற்பனைக்கு வந்துச்சு. அமெரிக்காவில் பொழுதுபோக்காத் தேடின முதல் தலைமுறை பலருக்கு 'என் முதல் டிடெக்டர்'னா அதுதான். தோள் வலிக்கும். ஆணிக்கும் கத்தும், நாணயத்துக்கும் கத்தும். 60, 70-களில் டிரான்சிஸ்டர் வந்து கருவி கைக்கு அடக்கமாச்சு. கிடைச்சது? பெரும்பாலும் துருப்பிடிச்ச ஆணியும் சோடா டின்னோட வளையமும்.

10/ நம்ம ஊர் நாணயப் பிரியர்களோட 'முதல் டிடெக்டர்' பீப் அடிக்காது. அது ஆற்றுமணலை அரிச்சவங்களோட தட்டும் சல்லடையும்! கரூர்ல அமராவதி, திருக்கோவிலூர்ல தென்பெண்ணை. அந்த மணல்ல கிடைச்ச செப்புக்காசுகள் பழைய பாத்திரக் கடை வழியா சேகரிப்பாளர் கைக்கு வந்தன. 1980-களில் 'தினமலர்' ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி 'பெருவழுதி' பெயர் பொறிச்ச பாண்டியர் காசை அடையாளம் கண்டார். திருக்கோவிலூர் பக்கம் ஆண்ட மலையமான்களின் காசுகளையும் ஆராய்ந்து எழுதினார். சங்ககால அரசர்கள் காசு அடிச்சாங்கன்னு காட்டினதுல அந்தப் பொழுதுபோக்குக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால ஆர்வலர்களைக் குறைச்சுப் பேச நான் வரல.

11/ ஆனா ஒரு நஷ்டம் உண்டு. ஆற்றுமணல்ல வந்த காசுக்கு மண்ணடுக்கு கிடையாது. கூட எந்தப் பானை இருந்தது, எந்தத் தரைக்கு மேல கிடந்தது, எதுவும் தெரியாது. அதனால காலக்கணிப்பு எழுத்தமைதியை வெச்சு விவாதமாவே போகுது. ஆற்றைக் குறை சொல்ல முடியாது, அது தானா அரிச்சுக் கொண்டுவந்தது. கோட்டைக்குள்ள மண்வெட்டியோட போறவர் அதையே வேணும்னு செய்றார்.

12/ பழனி பக்கத்துல பொருந்தல் தெரியுமா? பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் ஒரு ஈமக்குழியில ஜாடி நிறைய நெல் எடுத்தாங்க. அந்த நெல்லைப் பரிசோதிச்சப்போ கி.மு. 490 வாக்குன்னு தெரிஞ்சது. அதே குழியில் தமிழ் பிராமி எழுத்து. கீழடியில் கி.மு. 6-ஆம் நூற்றாண்டுன்னு சொல்ல உதவினது கரித்துண்டு. நெல்லுக்கும் கரிக்கும் எந்த டிடெக்டரும் பீப் அடிக்காது. செப்புக்காசுக்காகத் தோண்டுறவர் அதைத்தான் தூக்கி வீசிட்டுப் போவார். கார்ஃபீல்ட் கதைதான் மறுபடியும்.

13/ "இங்கிலாந்துல அனுமதிக்கிறாங்களே?" ஆமா, விதிமுறையோட. நில உரிமையாளர் சம்மதம் வேணும், பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் கூடாது, புதையல்னா 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி தெரிவிச்சே ஆகணும். 1997-ல் தொடங்கின பதிவுத் திட்டத்துல 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியிருக்கு. 2009-ல் ஸ்டாஃபர்ட்ஷயர்ல ஒரு ஆர்வலர் கண்டுபிடிச்ச தங்கக் குவியலுக்கு 32.85 லட்சம் பவுண்டு. அவரும் நில உரிமையாளரும் பிரிச்சுக்கிட்டாங்க.

14/ நம்ம சட்டம் இன்னும் பழசு: 1878-ன் இந்தியப் புதையல் சட்டம். மண்ணுக்குள்ள 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைச்சாலும் கலெக்டருக்குத் தெரிவிக்கணும். ஒழுங்காத் தெரிவிச்சவருக்குப் பங்கு கிடைக்கவும் அதுலயே வழி இருக்கு. மறைச்சா ஓராண்டு வரை சிறை. செஞ்சிக்கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கு. 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதியில்லாமல் அங்கே தோண்டுறது குற்றம். 2025 ஜூலையில் மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றா யுனெஸ்கோ பட்டியல்லயும் சேர்ந்துடுச்சு. அந்தப் பன்னிரண்டில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருக்கிறது இது ஒண்ணுதான்.

15/ அப்போ டிடெக்டருக்குக் கோட்டையில் வேலையே இல்லையா? இருக்கு. 1983-ல் அமெரிக்காவின் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தில் புல் தீப்பிடிச்சு எரிஞ்சு தரை தெரிஞ்சது. தொல்லியலாளர்கள் அடுத்த ஆண்டே டிடெக்டர் ஆர்வலர்களைத் துணைக்கு அழைச்சாங்க. பீப் வந்த இடத்துல கொடி நட்டு, ஒவ்வொரு தோட்டாவும் கிடந்த இடத்தைக் குறிச்சு, அப்புறம்தான் எடுத்தாங்க. யார் எங்கிருந்து சுட்டாங்க, எந்தப் பக்கம் நகர்ந்தாங்கன்னு 1876-ல் நடந்த போரே புதுசா எழுதப்பட்டது.

16/ இப்ப செஞ்சியை நினைச்சுப் பாருங்க. சத்ரபதி ராஜாராம் உள்ளே, ஔரங்கசீப்பின் தளபதி சுல்ஃபிகர் கான் வெளியே. 1690 முதல் 1698 வரை முற்றுகை. எந்த முகாம் எங்கே இருந்தது, எந்தச் சுவரைக் குறிவெச்சாங்க? துப்பாக்கிக் குண்டு ஒவ்வொண்ணும் விழுந்த இடத்துலயே கிடந்தா அது சாட்சி. இடம் மாறி யாரோ ஒருத்தர் அலமாரிக்குப் போனா வெறும் ஈயம், கிலோ கணக்குல போடலாம். தொல்லியல் துறை ஒருநாள் அப்படி ஒரு ஆய்வு செஞ்சா, உதவ ஆர்வலர்கள் வேணும். அந்த நாள் வரைக்கும் மண் கலையாம இருக்கணும்.

17/ கடைசியா, காரியத்துக்கு. கிணறு வெட்டும்போதோ உழும்போதோ ஏதாவது தட்டுப்பட்டா: மேல தோண்டாதீங்க. புளி போட்டுத் தேய்க்காதீங்க, எழுத்து போயிடும். இருக்கிற இடத்துலயே போட்டோ எடுங்க, எவ்வளவு ஆழம்னு குறிச்சுக்கோங்க, விஏஓ அல்லது தாசில்தார்கிட்ட சொல்லுங்க. டிடெக்டர் ஏற்கெனவே வாங்கிட்டீங்களா? நில உரிமையாளர் சம்மதம் இருந்தா, வரப்புல தொலைஞ்ச மோதிரத்தைத் தேடிக் கொடுங்க. கோட்டைக்குப் போகும்போது தண்ணி பாட்டிலும் தொப்பியும் போதும். ராஜகிரி ஏறி இறங்க அது ரெண்டும்தான் உதவும்.