கிழக்காசிய வரலாறும் தமிழாசிரியரும்

வளவனூரிலிருந்து கிழக்கே செல்லும் சாலை புதுச்சேரியை அடைகிறது. அந்நகரில் வாழ்ந்தபோதுதான், 1916ஆம் ஆண்டில், பாரதியார் சப்பானியக் கவிதை பற்றிச் 'சுதேசமித்திர'னில் கட்டுரை வரைந்தார். சொற்சுருக்கத்தால் பொருளைப் பெருக்கும் அந்நெறியைத் தமிழர்க்கு அறிமுகம் செய்த முன்னோடி எழுத்து அது. இன்று நம் இலக்கிய வட்டக் கவிஞர் பலர் துளிப்பா இயற்றுகின்றனர். ஆயின், அக்கவிதை பிறந்த நாட்டையும் அதன் அண்டை நாடுகளையும் பற்றி நம் ஆசிரியர்கள் கற்றதும் கற்பிப்பதும் எவ்வளவு?

இவ்வினா என்னையே சுட்டுவது. சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் முதலாம் இராசேந்திரனின் கடார வெற்றியை விளக்கிக்கொண்டிருந்தேன். மாணவி ஒருத்தி எழுந்து, "இதைப் பற்றிச் சீனர்கள் ஏதேனும் எழுதியிருக்கிறார்களா, அம்மா?" என்று கேட்டாள். முனைவர் பட்டமும், அமர்ந்து கேட்ட புத்தொளிப் பயிற்சிகளும் அன்று எனக்குத் துணைவரவில்லை. அவ்வினாவின் பின் நான் தேடிக் கற்றவற்றுள் சிலவற்றை ஈண்டு முன்வைக்கிறேன்.

சோழநாட்டுத் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீனத்துச் சொங் அரசவையை அடைந்தன. முதற்குழு இராசராசன் அனுப்பியது. அது சென்று சேருமுன் அவன் மறைந்துவிட்டான். முதற்குலோத்துங்கன் காலத்துக் குழுவில் 72 பேர் இருந்தனர். அவர்கள் கொண்டுசென்ற பொருள்களுக்கு ஈடாக 81,800 கோவைச் செப்புக்காசுகள் அளிக்கப்பெற்றன. தூது என்பது வணிகமும் ஆகும் என்பது இதனாற் புலனாகும்.

மாணவியின் வினாவுக்குரிய விடை வியப்பளிப்பது. இராசேந்திரன் ஸ்ரீவிசயத்தை வென்றது 1025 அளவில். ஆனால் சொங் அரசின் குறிப்புகளோ, பின்னாளில், சோழநாட்டை ஸ்ரீவிசயத்திற்கு அடங்கிய நாடாகக் கருதுகின்றன! கடல்வழியின் இடையில் இருந்த ஸ்ரீவிசயத்தார் தந்த செய்தியே இதற்குக் காரணம் என்பர் ஆய்வாளர் சிலர். மெய்க்கீர்த்தியை மட்டும் படிப்பவர்க்கு இச்சிக்கல் தோன்றாது. சீனக்குறிப்பை மட்டும் படிப்பவர்க்குச் சோழரின் வலிமை தோன்றாது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே வரலாற்றுக் கல்வி.

சீனத்தின் தென்கிழக்குக் கடற்கரையில் சுவான்சௌ என்னும் துறைமுகநகர் உள்ளது. அங்குக் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று சக ஆண்டு 1203, அதாவது கி.பி. 1281, சித்திரைத் திங்களைச் சேர்ந்தது. தவச்சக்கரவர்த்திகள் எனப்பெற்ற சம்பந்தப்பெருமாள் என்பார், கானின் உடல்நலம் வேண்டித் திருக்கதலீச்சுரமுடைய நாயனாரை எழுந்தருளுவித்த செய்தியை அது கூறுகிறது. அக்கான் குப்ளாய்கானே என்பது அறிஞர் கருத்து. அந்நகர்க் கையுவான் பௌத்தக் கோயில் தூண்களில் கண்ணன் கதைச் சிற்பங்களும் உள்ளன.

இதற்கு மறுதலையாக, 1267இல் கட்டப்பட்டதெனச் சீன எழுத்துப் பொறித்த செங்கற்கோபுரம் ஒன்று தமிழகத்தில் இருந்ததை வாங் தாயுவான் என்னும் பதினான்காம் நூற்றாண்டுப் பயணி குறித்துள்ளார். அவ்விடம் நாகப்பட்டினம் என்பர். பதினான்கு ஆண்டு இடைவெளியில் அக்கரையில் நம்மவர் கோயிலும் இக்கரையில் அவர்கள் கோபுரமும்! நமக்கு அண்மையிலுள்ள அரிக்கமேட்டிலும் உரோமானியப் பானையோடுகளேயன்றிச் சொங், யுவான் காலத்துச் சீன மட்கலச் சில்லுகளும் கிடைத்துள்ளன. உரோமை நாம் பாடத்தில் சொல்கிறோம், சீனத்தை விட்டுவிடுகிறோம்.

சப்பானியர் நம்மைக் கற்ற வகையையும் எண்ணுதல் வேண்டும். நொபொரு கராசிமா 1960களின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து தமிழ்க் கல்வெட்டியலைப் பயின்றார். பின் எ. சுப்பராயலு போன்ற நம் அறிஞருடன் பல்லாண்டு உழைத்தார்; 1995இல் தஞ்சையில் எட்டாம் உலகத் தமிழ் மாநாடு நிகழ்ந்தபோது உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் தலைவராக விளங்கினார். 2015இல் மறைந்த அவர்க்கு இணையாகச் சீனமோ சப்பானியமோ கற்று அந்நாட்டு மூலங்களைப் படிப்போர் நம்முள் மிகச் சிலரே. தமிழ்-சப்பானிய மொழியுறவு பற்றிய சுசுமு ஓனோவின் கொள்கையை மட்டும் மேடைகளில் பெருமையுடன் கூறுகிறோம்; மொழியியலார் பலர் அதனை ஏற்கவில்லை என்பதையும் ஆசிரியர் சேர்த்தே சொல்லுதல் கடன்.

சீனர் எழுதிய குறிப்புகளை நீலகண்ட சாத்திரியார் 1939இலேயே ஆங்கிலத்தில் தொகுத்தளித்தார். கருவி இருக்கிறது, கையில் எடுப்பார் வேண்டும். பத்தாண்டு நிறைவுற்ற நம் வட்டம், வரும் ஆண்டில் சில திங்கட்கூட்டங்களைச் சுற்றுவட்டாரப் பள்ளி, கல்லூரி ஆசிரியர்க்கென ஒதுக்கலாம். அவற்றில் கல்வெட்டையும் சீனப் பயணக்குறிப்பையும் சப்பானியக் கவிதையையும் சேர்ந்து கற்கலாம்.

சுவான்சௌக் கல்வெட்டின் இறுதி வரி சீன எழுத்தில் அமைந்தது. மேலுள்ள தமிழ் வரிகளை நான் தட்டுத்தடுமாறியேனும் படித்துவிடுவேன். அவ்வொரு வரியைப் படிக்க இயலவில்லை. என் மாணவியருள் ஒருத்தியேனும் அதனைப் படிக்கும் நாள் வருதல் வேண்டும்.