தமிழ் ஒரு கார்டுக்குள் இருந்த காலம்



பாடசாலைக் கணினி அறைகளிலிருந்தும் பள்ளிவாசல் காரியாலயங்களிலிருந்தும் பழைய கணினிகள் ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. போகட்டும். ஆனால் அவற்றுக்குள் என்ன இருக்கிறது, தமிழ் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்ற வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு அனுப்புவோம்.

1981 ஆகஸ்ட் மாதம் ஐபிஎம் நிறுவனம் தனது முதலாவது தனியாள் கணினியை வெளியிட்டது. அதன் தாய்ப்பலகையில் ஐந்து நீண்ட துளைகள் இருந்தன. இவற்றைத்தான் ‘ஸ்லொட்’ என்கிறோம். திரையில் படம் வர ஒரு கார்ட், பிரிண்டருக்கு ஒரு கார்ட் என்று தேவையானதை வாங்கிச் செருகிக்கொள்ளலாம். வேறு கம்பனிகளும் கார்ட் செய்வதற்கு வழி திறந்திருந்தது. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டர் அப்படி வந்து உலகெங்கும் பரவிய ஒன்று.

அந்தக் கணினிக்குத் தமிழ் தெரியாது. டொஸ் காலத்துத் திரையில் 25 வரி, வரிக்கு 80 கட்டம். எழுத்துகளின் வடிவம் திரைக் கார்டில் இருந்த ஒரு சிறிய சிப்பில் பதிந்திருந்தது. மொத்தம் 256 வடிவங்கள்தான். அதில் ஆங்கிலமும் ஐரோப்பிய எழுத்துகளும் கோடுகளும் நிறைந்திருந்தன. நமது எழுத்துகளோ 247. ‘ணை’, ‘கௌ’ போன்றவை ஒரு கட்டத்துக்குள் அடங்கவும் மாட்டா.

இதற்கு விடை கண்டவர்கள் இந்தியாவின் கான்பூர் ஐஐடியில் மோகன் தாம்பே தலைமையில் உழைத்த குழுவினர். 80களில் அங்கே ஆரம்பித்த வேலை, பின்னர் புனே நகரில் 1988இல் உருவான சி-டாக் நிறுவனத்தில் தொடர்ந்தது. அவர்கள் செய்தது ‘ஜிஸ்ட்’ என்ற கார்ட். கணினியைத் திறந்து ஸ்லொட்டில் செருகினால், எழுத்தைத் திரையில் வரையும் பொறுப்பைக் கார்ட் ஏற்றுக்கொள்ளும். வேர்ட்ஸ்டார், டிபேஸ் போன்ற ஆங்கில மென்பொருள்களிலேயே தமிழையும் ஹிந்தியையும் தட்டச்சு செய்ய முடிந்தது. மென்பொருளை மாற்ற வேண்டியதில்லை.

அந்தக் காலத்தில் கார்ட் போடுவது இலேசான வேலையும் அல்ல. இரண்டு கார்டுகள் ஒரே குறுக்கீட்டு இலக்கத்தைக் கேட்டால் இரண்டில் ஒன்று வேலை செய்யாது. பலகையிலுள்ள சின்னஞ்சிறு ஜம்பர்களைக் கழற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். 1995இல் விண்டோஸ் 95 வந்த பிறகே இந்தத் தலையிடி குறைந்தது.

இலங்கையில் சிங்களத்துக்கு ‘வதன் தருவ’ என்ற மென்பொருள் வந்தது. ‘சொல் நட்சத்திரம்’ என்று பொருள். வேர்ட்ஸ்டாரின் பெயரையே சிங்களத்தில் சொன்னது போல. தமிழுக்கு இங்கே பெரிதும் கைகொடுத்தது விண்டோஸ் காலத்து பாமினி எழுத்துரு. நமது வினாத்தாள்கள், கல்யாண அழைப்பிதழ்கள், பள்ளிவாசல் அறிவித்தல்கள் எல்லாம் அதில்தான் அச்சாகின.

ஆனால் பாமினி ஒரு முகமூடி மாத்திரமே. உள்ளே ‘ஜே’ என்ற ஆங்கில எழுத்துத்தான் இருக்கும். வெளியே ‘த’ என்று தெரியும். ‘கே’ இருக்கும் இடத்தில் ‘ம’ தெரியும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குவியல்தான் மிஞ்சும்.

ஜிஸ்ட் கார்ட் போன வழி வேறு. அதில் ‘க’வுக்கென்றே ஓர் இலக்கம் இருந்தது. அந்த இலக்க முறையான ‘இஸ்கி’யின் 1988ஆம் ஆண்டு வரிசையைத்தான் 1991இல் யூனிகோட் எடுத்துக்கொண்டது. இன்றும் யூனிகோட் அட்டவணையில் தமிழ் ‘க’வுக்கும் ‘ங’வுக்கும் இடையே மூன்று இடங்கள் வெறுமையாக இருக்கின்றன. ஹிந்தியின் மற்ற மூன்று ககரங்களுக்கான இடங்கள் அவை. நீங்கள் இப்போது கைபேசியில் வாசிக்கும் இந்தப் பதிவிலும் அந்தப் பழைய கார்டின் தடம் இருக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன்? நமது ஊர்க் கணினிகளில் பாடசாலை மலர்கள், சங்கக் கூட்டக் குறிப்புகள், நிகாஹ், ஜனாஸா விபரங்கள் பாமினியில் கிடக்கின்றன. கடுதாசிப் பிரதி இல்லாதவையும் உண்டு. ஹார்ட் டிஸ்க் இரும்புக்குப் போனால் அவையும் போய்விடும்.

கணினி இயங்கினால் முதலில் கோப்புகளைப் பிரதி எடுங்கள். பென்ட்ரைவ் செருக வழியில்லாவிட்டால், வெள்ளை நிறக் குட்டை ஸ்லொட்டில் ஒரு யூஎஸ்பி கார்ட் போடலாம். பிளக்கைக் கழற்றி, பெட்டியின் உலோகத்தைத் தொட்டுவிட்டு, கார்டின் இரு முனையையும் சமமாக அழுத்தி, திருகாணியை இறுக்கினால் சரி. இயங்காவிட்டால் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கான இணைப்பு வயர் கண்டியில் வாங்கலாம். பாமினியை யூனிகோடாக மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசம். கணினி படிக்கும் நம் பிள்ளைகளே ஒரு விடுமுறையில் செய்து முடிப்பார்கள்.

உங்கள் வீட்டில், கடையில், நிறுவனத்தில் அப்படி ஒரு பெட்டி இருந்தால் தயவுசெய்து எனக்கு அறியத் தாருங்கள். இன்ஷா அல்லாஹ், மாணவர்களோடு வந்து பார்க்கிறேன்.