உள்ளடக்க மேலாண்மை அமைப்புகளின் பாதுகாப்பு

உள்ளடக்க மேலாண்மை அமைப்புகளின் பாதுகாப்பு என்பது துருபல், வேர்ட்பிரஸ், ஜூம்லா போன்ற மென்பொருட்களைக் கொண்டு அமைக்கப்பட்ட இணையத்தளங்களை அத்துமீறிய நுழைவிலிருந்து காக்கும் வழிமுறைகளைக் குறிக்கும். ஒரே நிரல் இலட்சக்கணக்கான தளங்களில் இயங்குவதால், அதில் ஒரு குறைபாடு வெளிப்படும்போது அத்தளங்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் ஆபத்துக்கு உள்ளாகின்றன.

துருபல் குறைபாடு, 2014

துருபல் 7 இல் இருந்த கடுமையான குறைபாடும் அதற்கான திருத்தமும் அக்டோபர் 15, 2014 அன்று அறிவிக்கப்பட்டன. புகுபதிகை செய்யாத ஒருவரும் தரவுத்தளத்தில் தன் கட்டளைகளை இயக்க அக்குறைபாடு இடமளித்தது. சில மணி நேரத்திலேயே தானியங்கித் தாக்குதல்கள் தொடங்கின. அறிவிப்பு வெளியான 7 மணி நேரத்துக்குள் திருத்தப்படாத தளங்களை ஊடுருவப்பட்டவையாகவே கருத வேண்டும் என்று துருபல் பாதுகாப்புக் குழு அக்டோபர் 29 அன்று எச்சரித்தது. காலந்தாழ்த்தி நிறுவப்படும் திருத்தம், ஏற்கெனவே நுழைந்தவர் விட்டுச் சென்ற மறைவழியை அகற்றாது. ஆகவே அக்டோபர் 15க்கு முந்தைய காப்புப்படியிலிருந்து தளத்தை மீட்குமாறு அறிவுறுத்தப்பட்டது.

இந்திய அரசுத் தளங்கள், 2018

துருபலின் மற்றொரு கடுமையான குறைபாட்டுக்கு மார்ச் 28, 2018 அன்று திருத்தம் வெளியானது. ஒன்பது நாட்கள் கழித்து, ஏப்ரல் 6 அன்று, துருபலில் இயங்கிய இந்தியப் பாதுகாப்பு அமைச்சின் தளத்தில் சீன எழுத்தொன்று தோன்றியது. வேறு சில அமைச்சுகளின் தளங்களும் செயலிழந்தன. சீனக் கொந்தர்களின் செயல் என்ற ஐயம் பரவியது. ஆனால் ஊடுருவல் ஏதும் நிகழவில்லை என்றும், தேசியத் தகவலியல் மையத்தில் ஏற்பட்ட வன்பொருள் பழுதே காரணம் என்றும் அதிகாரிகள் விளக்கினர். அவ்வெழுத்து துருபலின் 'ஜென்' என்னும் தோற்றக்கருவுடன் வரும் சின்னமாகும். தளத்தின் தோற்றத்தை மட்டும் கொண்டு ஊடுருவலை உறுதி செய்ய இயலாது என்பதை இந்நிகழ்வு காட்டியது. மறுபுறம், உண்மையாக ஊடுருவப்பட்ட தளம் வழமைபோலவே தோன்றலாம்.

பாதுகாப்பு முறைகள்

* இற்றைப்படுத்தல்: மூல மென்பொருள், செருகுநிரல்கள், தோற்றக்கருக்கள் ஆகியவற்றின் திருத்தங்களை வெளியான உடனே நிறுவுதல். வேர்ட்பிரஸ் 3.7 பதிப்பு (2013) முதல் சிறு திருத்தங்கள் தாமாகவே நிறுவப்படுகின்றன.
* ஆதரவு முடிந்த பதிப்புகளைக் கைவிடல்: துருபல் 7க்கான ஆதரவு சனவரி 5, 2025 அன்று முடிவுற்றது.
* நீக்கல்: பயன்படாத செருகுநிரல்களை முடக்குவதோடு நில்லாமல் வழங்கியிலிருந்தே அழித்தல்.
* அணுக்கக் கட்டுப்பாடு: நிர்வாகி உரிமையைச் சிலருக்கு மட்டும் அளித்தல், வலுவான கடவுச்சொல்லுடன் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைப் பயன்படுத்தல்.
* காப்புப்படி: கோப்புகளையும் தரவுத்தளத்தையும் வேறோர் இடத்தில் சேமித்தல். ஊடுருவல் தாமதமாகவே தெரியவரலாம் என்பதால் பல நாட்களின் படிகள் தேவை.
* பதிவேட்டு ஆய்வு: வழங்கியின் பதிவுகளையும் கோப்பு மாற்றங்களையும் ஒப்பிட்டு, அறியாத மாற்றங்களைக் கண்டறிதல்.