கரையும் தகடு

அக்காவின் கீழ்த்தாடையை அறுத்து முன்னால் நகர்த்த வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் அம்மா கேட்டது ஒன்றுதான்: "உள்ள வைக்கிற இரும்ப எப்ப எடுப்பாங்க?" இரும்பில்லம்மா, டைட்டானியம், பெரும்பாலும் எடுக்கவே தேவையில்லை என்றேன். அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. தானாகக் கரையும் தகடும் இருக்கிறது என்று தெரிந்ததும் அதையே பிடித்துக்கொண்டார்.

நான் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் பொறியியலாளன். அந்தத் தகட்டின் மூலப்பொருளான பாலிலாக்டிக் அமிலம் எனக்குப் பழக்கம்தான். அச்சுக்குள் செலுத்துமுன் அதை நன்றாக உலர்த்தாவிட்டால் ஈரம் மூலக்கூற்றுச் சங்கிலியை அறுத்துவிடும். எங்களுக்குத் தலைவலியான அதே வேலையை உடலுக்குள் நீர் மெதுவாகச் செய்கிறது. மிஞ்சும் லாக்டிக் அமிலத்தை உடல் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மாற்றிவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடந்தது என்ன என்று தேடிப் படித்தேன்.

கீழ்த்தாடையை நீளவாக்கில் பிளந்து நகர்த்தும் முறையை டிரவுனரும் ஒப்வெகேசரும் 1957இல் வெளியிட்டார்கள். அந்தக் காலத்தில் எலும்பு கூடும்வரை மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் கம்பியால் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். வாரக்கணக்கில் வெறும் நீராகாரம். 1970களில் திருகுகளும் சிறு தகடுகளும் வந்த பிறகுதான் நோயாளிகள் சீக்கிரம் வாய் திறந்தார்கள். எலும்பு கூடியதும் தகடும் மறைந்துவிட்டால் எப்படி என்ற ஆசையும் அப்போதே இருந்தது. 1971இல் கட்ரைட் குழுவினர் குரங்குகளின் தாடை முறிவில் பாலிலாக்டிக் அமிலத்தைச் சோதித்தார்கள்.

1987இல் நெதர்லாந்தின் குரோனிங்கனில் போஸ் குழுவினர், கன்ன எலும்பு முறிந்த பத்துப் பேருக்கு அதே பொருளில் தகடு வைத்ததை வெளியிட்டார்கள். எலும்பு கூடிவிட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து நான்கு பேர் வீங்கிய முகத்தோடு திரும்பி வந்தார்கள். தகடு உடைந்திருந்ததே தவிர, மறையவில்லை. பலத்துக்காகப் படிகத்தன்மையைக் கூட்டினால் சிதைவு இழுத்துக்கொண்டே போகும். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் துகள்கள் அங்கேயே கிடந்தன.

வராதவர்களையும் அவர்கள் கூப்பிட்டுப் பார்த்தார்கள். தங்கள் தகடு செய்ததைத் தாங்களே 1993இல் எழுதினார்கள்.

பிறகு கிளைகாலிக் அமிலம் கலந்து, ஓராண்டுவாக்கில் கரையும் லாக்டோசார்ப் வந்தது. ஆனாலும் சிக்கல் தீரவில்லை. இவ்வகைத் தகடு தடிமனானது, திருகுக்கு முன்கூட்டியே மரை வெட்ட வேண்டும். 2012இல் வெளியான டச்சு ஆய்வில் கரையும் தகடு ஒதுக்கப்பட்ட 117 பேரில் 25 பேருக்கு, அறுவை நடக்கும்போதே டைட்டானியத்துக்கு மாறினார்கள். அந்த ஆய்விலும் போஸின் பெயர் இருக்கிறது.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அக்காதான் பதில் சொன்னாள். "மெல்லுறது நான்தானே? டைட்டானியமே போடட்டும்."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்த நாலு பேருக்கு அப்புறம் சரியாச்சா?" என்று மட்டும் கேட்டார்.