ஓரியின் மலையடியும் கரந்தை காத்த யாழும்

கூவைமலைப் பழனியப்பரைக் கும்பிடவும் சந்தையில் மிளகும் மல்லியும் வாங்கவும் கொல்லிமலை அடிவாரத்துப் பேளுக்குறிச்சிக்கு வருகிறவர்களுக்கு அம்மலையை ஆண்ட வல்வில் ஓரியைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தும் சாய்ந்த கதையைப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். ஆனால் புறநானூற்று 152ஆம் பாட்டில் அது தொடக்கம்தான். புலவர் வன்பரணர் அடுத்துத் தம் கூட்டத்தாரைப் பாட அழைக்கிறார். முழவுக்கு மார்ச்சனை இடுங்கள், யாழைப் பண்ணுக்கு இசையக் கூட்டுங்கள் என்கிறார். தூம்பு, எல்லரி, ஆகுளி, பதலை என்ற கருவிகள் எல்லாம் வரிசையாக வருகின்றன. 21 பாடல்துறைகளையும் பாடி முடித்து அரசன் பேரைச் சொன்னதும், எதிரே நின்ற வேட்டுவன் நாணுகிறான். ஓரி அவன்தான். காட்டில் இருந்தபடியே மான்கறியும் மதுவும் தந்து, மலையில் விளைந்த பொன்னையும் மணியையும் அள்ளிக் கொடுக்கிறான். கொல்லிமலையின் முதல் இசையரங்கு அதுவென்றே நான் கொள்கிறேன்.

அந்த யாழ் எப்படி இருந்தது என்பதைப் பொருநராற்றுப்படை கிட்டத்தில் வைத்துக் காட்டுகிறது. மான் குளம்பு பதிந்த இடம்போல் நடு உயர்ந்து இருபுறமும் தாழ்ந்த பத்தர் என்னும் குடம். அதன்மேல் இழுத்துத் தைத்த, விளக்கொளி நிறமுள்ள தோல். துளைகளை மறைக்கும் ஆணிகள். படமெடுத்த பாம்புபோல் ஓங்கிய கோடு என்னும் தண்டு. இவ்வளவு எழுதி வைத்த நாம் கருவியைக் கைவிட்டோம். வீணை வந்து நின்ற இடத்தில் யாழ் பெயரளவில் தங்கியது.

ஏமனின் சனா நகரில் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்கே கன்பூஸ் என்றொரு பழைய தந்திக் கருவி உண்டு. ஒரே மரத்தைக் குடைந்து, வயிற்றுப் பக்கம் தோல் போர்த்துச் செய்வது. யாழ்போல் நரம்புக்கு ஒரு சுரம் என்று இல்லாமல், கழுத்தில் விரல் அழுத்தி வாசிப்பது. பாடுபவரே மீட்டுவார், பக்கத்தில் ஒருவர் செப்புத் தட்டை இரு கட்டைவிரல்களில் தாங்கி, மற்ற விரல்களால் தட்டுவார். ஏமனை ஆண்ட இமாம் யஹ்யா காலத்தில் இசைக்குத் தடை வந்தபோது பாடகர் பலர் ஏடனுக்குப் போனார்கள். பிறகு ஊது என்ற பெரிய கருவி வந்து கன்பூஸை ஓரங்கட்டியது. ஆனாலும் கைவழியாக வந்த வாசிப்பு முற்றிலும் அறவில்லை. சனா பாட்டு மரபை யுனெஸ்கோ 2003இல் மனிதகுலத்தின் அருவ மரபுச் செல்வமாக அறிவித்தது. அவர்களுக்குக் கை மிஞ்சியது. நமக்கு எழுத்து மிஞ்சியது.

எழுத்திலிருந்து கருவியை மீட்க ஓர் ஆளும் வேண்டும், அவரைத் தாங்க ஓர் அமைப்பும் வேண்டும். ஆள், ஈழத்துக் காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள். அமைப்பு, தஞ்சையில் 1911இல் தொடங்கிய கரந்தைத் தமிழ்ச் சங்கம். வழக்கறிஞர் உமாமகேசுவரனார் தலைமையில் வளர்ந்து, 1925இல் ‘தமிழ்ப்பொழில்’ இதழைத் தொடங்கிய சங்கம் அது. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் யாழாசிரியனைப் பற்றி வரும் 25 அடிகளைப் பிடித்துக்கொண்டு அடிகள் பல்லாண்டு உழைத்தார். வில்யாழ், பேரியாழ், சீறியாழ், செங்கோட்டியாழ், சகோடயாழ் ஆகியவற்றின் உருவத்தையும் நரம்புகளின் சுருதிக் கணக்கையும் வகுத்தார். கணிதமும் அறிவியலும் கற்றவர் என்பதால் அவருக்கு அது கைகூடியது. சங்கம் அதை ‘யாழ் நூல்’ என அச்சிட்டது. 1947 சூன் 5, 6 நாட்களில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் நூல் அரங்கேறியது. 1941இலேயே மறைந்துவிட்ட உமாமகேசுவரனாருக்கு அதைக் காணக் கொடுத்து வைக்கவில்லை. அடிகளும் ஆறு வாரத்தில், சூலை 19 அன்று காலமானார்.

ஓரி மான்கறி கொடுத்ததையும் கரந்தையார் நூலை அச்சிட்டுக் கொடுத்ததையும் நான் ஒரே தட்டில் வைக்கிறேன். புலவனின் வேலை பாதியில் நிற்காதபடி இருவருமே பார்த்துக்கொண்டார்கள்.

இனிச் செய்ய வேண்டியது மலைமேல் இருக்கிறது. ஆடி 17, 18இல் ஓரி விழாவுக்குக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகிறோம். வில்வித்தைப் போட்டி நடக்கிறது; நடக்கட்டும். அதே மேடையில் 152ஆம் பாட்டின் கருவிகள் ஒருநாள் முழுக்க ஒலிக்க வேண்டும். யாழ் செய்யும் இளைஞர்கள் இன்று சென்னையில் இருக்கிறார்கள். அவர்களை அழைத்து, நம் பள்ளிப் பிள்ளைகள் நான்கு பேருக்காவது நரம்பு கட்டக் கற்றுக்கொடுக்க விழாக் குழு ஏற்பாடு செய்ய வேண்டும்.