பழைய அம்பாசிடரில் ரிவர்ஸ் லைட் எரியலையா? கியர்பாக்ஸ் சுவிட்சை மாற்றும் முன் இதைப் பாருங்க

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் சாலை கடைத்தெருவில் காரைப் பின்னால் எடுப்பது சுலபமில்லை. இருபக்கமும் கடைகள், நடுவே சரக்கு ஆட்டோக்கள், சுமை தூக்கிச் செல்பவர்கள். 'வண்டி பின்னால வருது' என்று அவர்களுக்குச் சொல்வது அந்த வெள்ளை விளக்குதான்.

2014 மே மாதம் தயாரிப்பு நின்றுபோன அம்பாசிடர் போன்ற கார்களில் அது எரியாவிட்டால், "கியர்பாக்ஸ் சுவிட்ச் போயிடுச்சு" என்று உடனே கழற்றிவிடுகிறோம். பல நேரங்களில் கோளாறு ஒயரில்தான் இருக்கும்.

சுவிட்சின் வேலை என்ன?

இசுஸு இன்ஜினும் 5 கியரும் கொண்ட 1800 மாடலில் இது கியர்பாக்ஸில் திருகப்பட்டிருக்கும். ரிவர்ஸ் போட்டதும் உள்ளே சுவிட்ச் அழுத்தப்பட்டு, இரண்டு ஒயர்களும் இணையும். மின்சாரம் இக்னிஷன், ஃபியூஸ், சுவிட்ச், பல்பு வழியாகப் போய் பாடி எர்த்தில் முடியும். எங்கே அறுந்தாலும் விளக்கு எரியாது.

பழைய லூகாஸ் முறையில் ஃபியூஸிலிருந்து வருவது பச்சை ஒயர், விளக்குக்குப் போவது பச்சையில் பழுப்புக் கோடு, எர்த் கறுப்பு. ஆனால் பழைய வண்டிகளில் பலர் கை வைத்திருப்பார்கள். நிறத்தை விட டெஸ்ட் லேம்பை நம்புங்க.

எந்த வரிசையில் சோதிப்பது?

1. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்க. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீங்க. இன்ஜினை அணைத்து, இக்னிஷனை மட்டும் ஆன் செய்து ரிவர்ஸ் போடுங்க. சோதிக்கும் நேரம் மட்டும் ஆனில் இருக்கட்டும். பாயிண்ட் உள்ள வண்டியில் காயில் சூடாகும்.

2. முதலில் ஃபியூஸ், பல்பு, எர்த். கடலோர ஈரக்காற்றில் ஹோல்டரும் டெர்மினலும் பச்சை பூத்திருக்கும், உப்புத்தாளால் தேயுங்க.

3. சுவிட்சுக்கு வரும் ஒயரில் டெஸ்ட் லேம்ப் எரிகிறதா? எரியாவிட்டால் கோளாறு ஃபியூஸுக்கும் சுவிட்சுக்கும் இடையே.

4. எரிந்தால், சுவிட்சின் இரண்டு ஒயர்களையும் கழற்றி, ஒரு துண்டு ஒயரால் நொடி நேரம் இணையுங்க. விளக்கு எரிந்தால் சுவிட்ச்தான் கோளாறு. எரியாவிட்டால் பின்பக்க ஒயரைத் தேடுங்க.

சுவிட்சை மாற்றும்போது என்ன கவனிக்கணும்?

கழற்றினால் கியர் ஆயில் கசியலாம், அளவைச் சரிபாருங்க. பழைய வாஷரின் தடிமனிலேயே புதியதும் இருக்கணும். தடிமன் கூடினால் விளக்கு எரியாது, குறைந்தால் எப்போதும் எரியலாம்.

21 வாட் பல்பு இரண்டுக்கு 12 வோல்ட்டில் சுமார் 3.5 ஆம்பியர் போதும். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸ் போட்டால் ஒயர் எரியும்.

நேரடியாக இணைத்துவிட்டால் என்ன?

சோதனைக்குப் போட்ட துண்டு ஒயரை அப்படியே விடாதீங்க. எப்போதும் எரியும் விளக்கை யாரும் மதிக்க மாட்டாங்க. வண்டி நிஜமாகவே பின்னால் வரும்போதும் விலக மாட்டாங்க. பழைய ஆட்டோமேட்டிக் காரில் நியூட்ரல் சுவிட்சை இப்படி இணைப்பது இன்னும் ஆபத்து: கியரில் இருக்கும்போதே இன்ஜின் ஸ்டார்ட் ஆகி வண்டி பாயலாம்.

வேலை முடிந்ததும் ஒருவரைப் பக்கவாட்டில் நிற்கச் சொல்லி, ரிவர்ஸில் மட்டும் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுக் கடைத்தெருவுக்குள் போங்க.